பழைய கம்ப்யூட்டரை பிளக்ல சொருகுறதுக்கு முன்னாடி

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல ஒரு தம்பி போன் பண்ணினார். அவரோட பெரியப்பா அமெரிக்கால ரொம்ப வருஷம் இருந்துட்டு ஊருக்குத் திரும்பினவர், சாமானோட சாமானா தான் முதன்முதல்ல வாங்கின கம்ப்யூட்டரையும் கொண்டு வந்து பரண்ல போட்டு வெச்சிருந்திருக்கார். தம்பி அதை இறக்கி, தூசி தட்டி, ஒரு கன்வர்ட்டர் பின் மாட்டி, நேரா சுவத்துல இருக்கிற பிளக்ல சொருகி சுவிட்சைப் போட்டுட்டார். "அண்ணா, ரெண்டே செகண்டுதான். டமார்னு ஒரு சத்தம், பின்பக்கத்துல இருந்து பொறி, ரூம் முழுக்க புகை. பாப்பா பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தா"ன்னார். குழந்தைக்கு ஒண்ணும் ஆகல. ஆனா அவர் குரல் இன்னும் நடுங்கிட்டுதான் இருந்துச்சு, அன்னிக்கே இதை எழுதணும்னு நினைச்சேன்.

நடந்தது என்னன்னா, அந்த மெஷினோட பின்பக்கம் ஃபேன் பக்கத்துல ஒரு சின்ன சிவப்பு சுவிட்ச் இருக்கு, அது 115ல இருந்திருக்கு. அங்க வீட்டுக்கு வர்ற கரண்ட் 120 வோல்ட், நமக்கு 230. சுவிட்ச் 115ல இருந்தா உள்ள இருக்கிற சர்க்யூட் வர்ற வோல்டேஜோட உச்ச அளவை (சொல்ற எண்ணை விட அது சுமார் 1.4 மடங்கு) ரெண்டு மடங்காக்கி சுமார் 325 வோல்ட் டிசியா மாத்தும், அதே நிலைல நீங்க 230 கொடுத்தா அது 650 வரைக்கும் ஏறப் பார்க்கும். அங்க உக்காந்திருக்கிற ரெண்டு பெரிய கெபாசிட்டரும் (கரண்டைச் சேர்த்து வெக்கிற பாகம்) வழக்கமா ஒவ்வொண்ணும் 200 வோல்ட் தாங்குறதுதான். வெடிக்காம வேற என்ன பண்ணும். சுவிட்சே இல்லாத மெஷினும் நிறைய இருக்கு, அமெரிக்கால வித்த கமடோர் 64ங்கிற பழைய வீட்டுக் கம்ப்யூட்டரோட அடாப்டர் மாதிரி உள்ள வெறும் டிரான்ஸ்ஃபார்மரா இருந்தா அதை 230ல போடவே கூடாது, வோல்டேஜைக் குறைக்கிற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வெச்சுதான் போடணும். அடியில ஒட்டியிருக்கிற லேபிளைப் படிக்காம எதையும் சொருகாதீங்க.

நான் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு உள்ள இருக்கிற பவர் சப்ளை பெட்டி), மானிட்டர் சர்வீஸ்ல 27 வருஷமா இருக்கேன். கொஞ்ச வருஷமா பழைய கம்ப்யூட்டர் சேர்க்கிற பசங்க, ரிட்டயர் ஆனவங்க, காலேஜ் லேப்ல கழிச்சுப் போட்டதை காயலான் கடைல இருந்து காப்பாத்திக் கொண்டு வர்றவங்க, இப்படி நிறைய பேர் வர்றாங்க. ரொம்ப சந்தோஷமான வேலை அது. ஆனா என் டேபிளுக்கு வர்றதுல வயசாகி செத்த மெஷின் கம்மி, ஆசையில ஆன் பண்ணி செத்த மெஷின்தான் அதிகம். முப்பது நாப்பது வருஷம் சும்மா கிடந்த ஒண்ணு, இன்னும் ஒரு வாரம் கிடந்தா ஒண்ணும் ஆகாது. அந்த ஒரு வாரத்துல என்ன பண்ணணும்னுதான் சொல்ல வர்றேன்.

முதல்ல மூடியைக் கழட்டி, பிளக் எதுவும் மாட்டாம, டார்ச் அடிச்சுப் பாருங்க. மோந்தும் பாருங்க, மீன் வாடை மாதிரி அடிச்சா எங்கயோ கெபாசிட்டர் ஒழுகியிருக்கு. அப்புறம் பேட்டரி. 386, 486 காலத்து அசெம்பிள்டு போர்டுல நீலத்துலயோ பச்சையிலயோ பீப்பாய் மாதிரி ஒரு 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி நேரா போர்டுலயே சால்டர் பண்ணியிருப்பாங்க, கமடோர் கம்பெனியோட அமீகா 2000, அமீகா 500 பிளஸ் கம்ப்யூட்டர்லயும் இதே கதைதான். அது ஒழுகும். ஒழுகுமான்னு கேள்வியே இல்ல, எப்பங்கிறதுதான் கேள்வி. உள்ள இருக்கிற பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காப்பரைத் தின்னுக்கிட்டே போகும், மேல பார்த்தா லேசா பச்சைக் களிம்பு பூத்த மாதிரிதான் தெரியும், ஆனா பச்சைப் பெயின்ட்டுக்கு அடியில டிராக், அதாவது கரண்ட் போற காப்பர் கோடு, கறுத்து அறுந்திருக்கும். மெஷின் ஆஃப்ல இருந்தாலும் இது நிக்காது, நீங்க இதைப் படிச்சுட்டு இருக்கிற நேரத்துலயும் உங்க பரண்ல அது நடந்துட்டு இருக்கலாம். அதனால மெஷினை ஓட்டுற எண்ணமே இல்லன்னாலும் சரி, இன்னிக்கே கட்டர் எடுத்து அந்த பேட்டரியை வெட்டி எடுத்துடுங்க.

வெட்டினதும் கிளவுஸ், கண்ணாடி போட்டுக்கிட்டு வெள்ளை வினிகரை பழைய டூத்பிரஷ்ல தொட்டுத் தேயுங்க. காரம் அது, அதனால புளிப்பு போட்டாத்தான் அடங்கும். அப்புறம் சுத்தமான தண்ணி, கடைசியா ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்), நல்லா காய விடுங்க. ஆனா பழைய மேக்கின்டோஷ்ல இருக்கிறது வேற பேட்டரி, பாதி ஏஏ சைஸ்ல இருக்கிற லித்தியம், அது ஒழுகினா வர்றது அமிலம், அதுக்கு வினிகர் உதவாது, கண்ணை மூக்கை கிட்ட கொண்டு போகாதீங்க. புது பேட்டரி போடும்போது ஒண்ணு மறந்துடாதீங்க, நிக்கல் காட்மியம் இருந்த இடத்துல போர்டு சார்ஜ் ஏத்தும், அங்க நேரா காயின் செல் மாட்டினா அந்த லித்தியம் செல்லையும் சார்ஜ் பண்ணப் பார்க்கும், அது ஊதி வெடிக்கிற விஷயம். நடுவுல கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுற ஒரு டயோடு கண்டிப்பா போடணும்.

அடுத்தது, 90கள்ல வந்த ஏடிங்கிற பழைய வகை கேபினட் வெச்சிருக்கிறவங்களுக்கு. இப்ப இருக்கிற கேபினட்ல முன்னாடி பட்டன் வெறும் சிக்னல், தொட்டா ஒண்ணும் இல்ல. ஏடி கேபினட்ல அப்படி இல்ல, முன்னாடி இருக்கிற பவர் சுவிட்சுக்கு நேரா 230 வோல்ட் வருது. எஸ்எம்பிஎஸ்ல இருந்து தடியா நாலு வயர் முன்பக்கம் போகும் பாருங்க, அதுதான். அந்த சுவிட்ச்ல உறை கழண்டு கிடக்கிறதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கேன், பக்கத்துலயே கை விட்டு ஃப்ளாப்பி கேபிளைத் தேடுவாங்க. இன்னொண்ணு, மதர்போர்டுக்குப் போற பவர் கனெக்டர் அதுல ரெண்டா பிரிஞ்சிருக்கும், மாத்திப் போட்டாலும் உள்ள போயிடும், போனா போர்டு காலி. கறுப்பு வயரெல்லாம் நடுவுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கணும், இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க.

வெளிய அடாப்டர் இருக்கிற மெஷின்னா அடாப்டரை நம்பாதீங்க. 1982ல வந்த கமடோர் 64க்குக் கூடவே கொடுத்த கறுப்பு செங்கல் மாதிரி அடாப்டர் முழுக்க எபாக்சிங்கிற கெட்டிப் பிசின் ஊத்தி அடைச்சது, சூடு வெளிய போக வழி இல்ல, திறந்து சர்வீஸ் பண்ணவும் முடியாது. வயசானப்புறம் அதுல 5 வோல்ட் லைன் மேல ஏற ஆரம்பிக்கும், ஏறினா நேரா ராம் சிப்பெல்லாம் போயிடும், இன்னிக்கு நல்ல விலை போற அந்த சவுண்டு சிப்பும் ஆபத்துல இருக்கு. இதுல கொடுமை என்னன்னா மீட்டர் வெச்சுப் பார்த்தா 5 வோல்ட் சரியா காட்டும், அரை மணி நேரம் சூடானதும்தான் ஏறும். அதனால அதை நினைவுக்கு வெச்சுக்கிட்டு ஓட்டுறதுக்குப் புதுசா ஒரு சப்ளை வாங்குங்க. அதே வருஷம் இங்கிலாந்துல வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர்ல வேற சிக்கல், அதோட 9 வோல்ட் பின்னுல நடுவுல இருக்கிறது மைனஸ். நம்ம கடைல கிடைக்கிற அடாப்டர்ல பெரும்பாலும் நடுவுல பிளஸ்தான். பின் பொருந்துதுன்னு சொருகினா முடிஞ்சுது.

இங்கிலாந்துல செஞ்ச பிபிசி மைக்ரோங்கிற கம்ப்யூட்டர் பத்தியும் சொல்லணும், ஏன்னா 1984ல நம்ம நாட்டுல கிளாஸ் (CLASS)ங்கிற கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்துல பள்ளிகளுக்கு வந்ததும் அதுதான், அதனால இங்க அங்கங்க இன்னும் கிடைக்குது. அதோட பவர் சப்ளைல மெயின் லைனுக்குக் குறுக்க தேன் கலர்ல, உள்ள தெரியுற மாதிரி சதுரமா கெபாசிட்டர் இருக்கும், பேப்பரை மெட்டலோட சுத்தி பிளாஸ்டிக்ல அடைச்சது. வருஷம் போகப் போக மேல மயிரிழை மாதிரி வெடிப்பு விழும், அது வழியா ஈரம் உள்ள போகும், கடலோர ஊருன்னா சொல்லவே வேணாம். ஆன் பண்ணின பத்து இருபது நிமிஷத்துல படபடன்னு வெடிச்சு கண்ணை எரிக்கிற புகை வரும், சில சமயம் மெஷின் அப்பவும் பாட்டுக்கு ஓடிட்டு இருக்கும். தீப்பிடிச்ச மாதிரி பயந்துடுவோம். அந்தக் காலத்து ஐரோப்பிய, அமெரிக்க மெஷின் நிறையதுல இதே கெபாசிட்டர்தான். வெடிப்பு தெரிஞ்சாலும் தெரியலன்னாலும் மாத்திடுங்க, விலை ரொம்ப கம்மி. ஆனா அந்த இடத்துக்கு எக்ஸ்-2னு முத்திரை இருக்கிற 275 வோல்ட் ஏசி வகைதான் போடணும், கைல கிடைச்ச சாதாரண கெபாசிட்டர் போட்டா அது உண்மையாவே தீயில போய் முடியும்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்தீங்கன்னா, பிளக் கழட்டியாச்சு, இனிமே பயமில்லன்னு நினைச்சுடாதீங்க. அந்தப் பெரிய கெபாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல நின்னுட்டு இருக்கும். ஸ்க்ரூ டிரைவரை குறுக்க வெச்சு பட்டுனு ஷார்ட் பண்றதை நிறைய பேர் பெருமையா செய்றாங்க, முனை உருகித் தெறிச்சு கண்ல படும், செய்யாதீங்க. 5 வாட் ரெசிஸ்டர் ஒண்ணு, ரெண்டு மூணு கிலோ ஓம்ல எடுத்து, நல்ல உறை போட்ட வயர்ல கட்டி வெச்சுக்கங்க, அதைத் தொட வெச்சு சில செகண்டு பிடிச்சு, மீட்டர்ல பூஜ்யம் வந்துச்சான்னு பார்த்துட்டு கை வைங்க.

பிக்சர் டியூப்தான் எனக்கு உண்மையான கவலை. கம்ப்யூட்டர் பாடிக்குள்ளயே திரை வெச்சு வந்த பழைய மேக்கின்டோஷ் மாதிரி மெஷினை ராம் கூட்டணும்னு திறப்பாங்க, ஒரு சாண் தள்ளி பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல வேலை செய்யுற டியூப் இருக்குங்கிறதே தெரியாது. கலர் மானிட்டர்னா 20, 25 ஆயிரம். ஆஃப் பண்ணி ரொம்ப நேரம் ஆனாலும் டியூபே ஒரு கெபாசிட்டர் மாதிரி சார்ஜைப் பிடிச்சு வெச்சிருக்கும். தொழிலுக்கு வந்த ரெண்டாவது வருஷம் ஒரு 14 இஞ்ச் மானிட்டர்ல எனக்கு அடிச்சுது. அடிச்சது கூட பெருசில்ல, கை தானா பின்னாடி தெறிச்சு சேசிஸ் தகரத்துல முழங்கை கிழிஞ்சு ஏழு தையல், டியூபோட கழுத்து உடைஞ்சு உஸ்ஸுன்னு காத்து உள்ள போன சத்தம் இன்னும் ஞாபகம் இருக்கு. கழுத்துதான் அதுல ரொம்ப மெல்லிசு. முன்பக்கம் பெரிய கண்ணாடி உடைஞ்சா உள்ள இருக்கிற வெற்றிடம் கண்ணாடியை இழுத்துத் தெறிக்க விடும்.

டிஸ்சார்ஜ் பண்றதுன்னா, ஒரு வயரை எடுத்து, முதல்ல அதோட ஒரு முனையை டியூபுக்கு வெளிய ஓடுற கிரவுண்டு கம்பில கிளிப் போட்டு, மறுமுனையை நல்ல பிடி இருக்கிற தட்டை ஸ்க்ரூ டிரைவர்ல கட்டி, அதை, டியூப் மேல ஹை வோல்டேஜ் வயர் வந்து சேர்ற இடத்துல இருக்கிற ரப்பர் தொப்பிக்கு அடியில மெதுவா நுழைக்கணும், டிக்னு ஒரு சத்தம் வரும். இன்னொரு கை முதுகுக்குப் பின்னாடி இருக்கட்டும், மோதிரம், வாட்ச், கழுத்துச் செயின் எல்லாம் கழட்டி வெச்சுடுங்க. கொஞ்ச நேரம் விட்டுத் திரும்பவும் ஒரு தடவை பண்ணுங்க, ஏன்னா சார்ஜ் ஒட்டிக்கிட்டு இருந்தது மெதுவா திரும்பி வரும். ஆனா இதைப் படிச்சுட்டு முதல் தடவையா தனியா செய்யாதீங்க, நான் மனசாரச் சொல்றேன். உங்க ஊர்லயும் பழைய கலர் டிவி பார்த்த மெக்கானிக் ஒருத்தர் கண்டிப்பா இருப்பார், இப்ப எல்இடி டிவிக்கு பேனல் மாத்திட்டு உக்காந்திருப்பார், போய்க் கேளுங்க. டியூப் வேலைன்னு சொன்னதும் அவங்க முகத்துல வர்ற வெளிச்சத்தை நான் பார்த்திருக்கேன். ஒரு டீ வாங்கிக் கொடுத்து கூட நின்னு கத்துக்கங்க.

எல்லாம் பார்த்தாச்சு, ஆன் பண்ணணும்னா அதே மெக்கானிக் கடைல தொங்குற சீரிஸ் லேம்ப் போர்டு செஞ்சுக்கங்க. ஃபேஸ் வயர்ல தொடரா ஒரு 100 வாட் குண்டு பல்ப், எல்இடி பல்ப் ஆகாது. உள்ள ஷார்ட் இருந்தா பல்ப் முழு வெளிச்சத்துல எரிஞ்சு நின்னுடும், மெஷின் தப்பிச்சுது. சரியா இருந்தா ஒரு தடவை பளிச்சுன்னு அடிச்சு மங்கிடும். முதல்ல போர்டு எதையும் மாட்டாம சப்ளையை மட்டும் பாருங்க, பழைய ஏடி சப்ளை லோடு இல்லாம சரியா கிளம்பாது, 5 வோல்ட் லைன்ல ஒரு கார் இண்டிகேட்டர் பல்ப் மாட்டினா போதும். வோல்டேஜெல்லாம் சரியா வந்தா அப்புறம் போர்டு. ஒண்ணு, சீரிஸ் லேம்ப் மெஷினைத்தான் காப்பாத்தும், உங்களை இல்ல, தொட்டா அப்பவும் ஷாக் அடிக்கும்.

சால்டரிங் பத்தி சுருக்கமா. பழைய போர்டெல்லாம் ஈயம் கலந்த சால்டர். மூக்குல ஏறுற புகை ஈயம் இல்ல, சால்டர் நல்லா ஒட்டுறதுக்குச் சேர்க்கிற ஃப்ளக்ஸ், அதுவே ஆஸ்துமாவைக் கிளப்பும், சின்ன ஃபேன் வெச்சு முகத்துல இருந்து தள்ளி இழுங்க. ஈயம் உள்ள போறது கை வழியா, அதனால வேலை பண்ற டேபிள்ல முறுக்கு, டீ வேணாம், முடிஞ்சதும் சோப்பு போட்டுக் கழுவுங்க, குழந்தையைத் தூக்குறதுக்கு முன்னாடி கண்டிப்பா. மஞ்சளடிச்ச பிளாஸ்டிக்கை வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு மொட்டை மாடில வைக்கிறவங்க, டப்பாவை இறுக்கி மூடாதீங்க, வாயு சேர்ந்து வெடிக்கும். பூஞ்சை பிடிச்ச ஃப்ளாப்பியை டிரைவ்ல போட்டா அந்த அழுக்கு ஹெட்ல ஒட்டி அடுத்த நல்ல ஃப்ளாப்பியையும் கீறிடும், அப்பாவோட கதை, தாத்தாவோட கணக்குன்னு எதாவது அதுல இருந்தா முதல்ல கைல பாருங்க.

அந்தத் தம்பியோட மெஷின் பிழைச்சுது. கெபாசிட்டர் ரெண்டு, ஏசியை டிசியா மாத்துற பிரிட்ஜ் ரெக்டிஃபயர், ஃபியூஸ், அவ்ளோதான் போயிருந்துச்சு, போர்டு தப்பிச்சுது. போன வாரம் திரும்பவும் ஆன் பண்ணினோம், இந்தத் தடவை பாப்பாவை அடுத்த ரூம்ல உக்கார வெச்சுட்டு, அவர் மனைவியை மெயின் சுவிட்ச் பக்கத்துல நிக்கச் சொன்னேன். "எனக்கு எதாவது ஆச்சுன்னா என்னைத் தொட்டு இழுக்கக் கூடாதும்மா, முதல்ல அந்த சுவிட்சை ஆஃப் பண்ணணும்"னு சொல்லி ரெண்டு தடவை போட்டு அணைச்சுக் காட்டச் சொன்னேன். நீங்களும் ஆன் பண்றதுக்கு முன்னாடி வீட்டுல யாரையாவது கூப்பிட்டு அதே மாதிரி ரெண்டு தடவை செய்யச் சொல்லுங்க.