திக்கிப் பேசும் குழந்தையிடம் ‘மெதுவாகப் பேசு’ என்று சொல்லலாமா?

குழந்தையை என்னிடம் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துவரும் பெற்றோரில் பலர், உட்கார்ந்ததுமே, “நாங்கள் ஏதாவது தவறு செய்துவிட்டோமா?” என்றுதான் கேட்கிறார்கள். இல்லை. திக்குவாய் பயத்தாலோ வளர்ப்புக் குறையாலோ திக்கிப் பேசும் பிறரைப் பார்த்து அதேபோல் பேசுவதாலோ வருவதன்று. மரபுக் கூறுகளும், பேச்சை இயக்கும் மூளைப் பகுதிகள் செயல்படும் விதத்திலுள்ள வேறுபாடுகளுமே அதன் அடிப்படை. பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள், குழந்தை நீளமான வாக்கியங்களைப் பேசப் பழகும் பருவத்தில் அது தலைகாட்டுகிறது.

வீடுகளில் அன்போடு சொல்லப்படும் அறிவுரைகள்தாம் எனக்குக் கவலை தருகின்றன. “மெதுவாகப் பேசு”, “மூச்சை இழுத்துவிட்டுச் சொல்லு” என்று ஒவ்வொரு முறையும் கேட்கும் குழந்தை, தான் சொல்லவந்த செய்தியைவிடத் தன் வாயைத்தான் எல்லாரும் கவனிக்கிறார்கள் என்று புரிந்துகொள்கிறது. பிறகு, திக்கும் சொல்லை ஒளிக்கத் தொடங்குகிறது: ‘பந்து’ என்று சொல்ல வராவிட்டால் ‘அது’ என்று கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. திக்கல் குறைந்துவிட்டதாகப் பெற்றோர் மகிழும் அந்த நேரத்தில், உண்மையில் குறைந்திருப்பது பேச்சு.

மெதுவாகப் பேச வேண்டியவர்கள் நாம்தான். குழந்தை சொல்லி முடித்தபின் ஓரிரு நொடிகள் விட்டு, நிதானமாகப் பதில் சொல்லுங்கள். சொல் சிக்கும்போது அதை நீங்கள் முடித்துக்கொடுக்காமல், முகத்தில் பதற்றம் காட்டாமல் காத்திருங்கள். கேள்விமேல் கேள்வி கேட்பதைக் குறைத்து, நாள்தோறும் 5 நிமிடமாவது, கைப்பேசியும் உடன்பிறந்தவர்களும் குறுக்கிடாமல், அந்தக் குழந்தையோடு மட்டும் விளையாடுங்கள். திக்கலைப் பற்றிப் பேசவே கூடாது என்பதும் சரியன்று. குழந்தையே தவிக்கும்போது, “அந்தச் சொல் கொஞ்சம் மாட்டிக்கொண்டது, பரவாயில்லை, நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்” என்று இயல்பாகச் சொல்லலாம்.

பெரும்பாலான குழந்தைகளுக்குத் திக்கல் நாளடைவில் மறைந்துவிடுகிறது என்பது உண்மையே. ஆனால் யாருக்கு மறையும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால், ‘பள்ளிக்குப் போனால் சரியாகிவிடும்’ என்று காத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. திக்கல் 6 மாதங்களுக்கு மேல் நீடித்தாலோ, குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இருந்தாலோ, பேசும்போது கண்ணை இறுக மூடுதல், காலைத் தட்டுதல் போன்றவை தெரிந்தாலோ பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் காட்டிவிடுங்கள். திக்கல் நாளுக்கு நாள் கூடிக் குறையும். எங்கள் அறைக்குள் வந்ததும் தங்குதடையின்றிப் பேசும் குழந்தைகள் உண்டு. ஆகவே வரும்போது, வீட்டில் குழந்தை இயல்பாகப் பேசியதைக் கைப்பேசியில் பதிவுசெய்து எடுத்துவாருங்கள்.