மாட்டுக்குப் போட்ட ஊசி கழுகைக் கொன்ற கதை

ஒரு வாசகர் எழுதியிருந்தார். எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு ஆங்கிலப் பாடத்தில் ஒரு புராஜெக்ட்: அழிந்துபோன, அல்லது அழிந்துகொண்டிருக்கும் ஓர் உயிரினத்தைப் பற்றித் தேடிப் படித்து ஒரு பக்கம் எழுத வேண்டும். வகுப்பில் பாதிப்பேர் டோடோ, மீதிப்பேர் டைனோசர். இந்தப் பெண் மட்டும் கழுகை எடுத்திருக்கிறாள். வலி மருந்தால் கழுகுகள் செத்தன என்று அவள் படித்துச் சொன்னதும் அப்பாவுக்குச் சந்தேகம். "அதே மாத்திரையைத்தான் நான் முட்டிவலிக்குப் போடுகிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே?"

நல்ல கேள்வி. அதற்கு முன் ஒரு சின்னத் திருத்தம். 'ஈகிள்' என்று எழுதியிருக்கிறாளாம். தப்பு அவள்மீது இல்லை. வேட்டையாடுவதையும் பிணம் தின்பதையும் நாம் ஒரே சொல்லால் கழுகு என்கிறோம். செத்ததைத் தின்னும் பறவைக்குப் பாறு என்று பழைய தமிழில் தனிப் பெயர் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது வல்ச்சர். திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் வந்து சோறு உண்ட 'கழுகுகள்'கூட மஞ்சள்முகப் பாறுகள்தான். அவை வராமல் போனதற்குக் கலி முற்றிவிட்டது என்று காரணம் சொல்வார்கள். பாறுகளின் கூடுகளை எண்ணியிருந்தால் இதைவிட உருப்படியான காரணம் ஏதாவது கிடைத்திருக்கும்.

அப்படி எண்ணிய ஒருவரால்தான் விஷயமே வெளியே வந்தது. ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ் 1987-88இல் வெண்முதுகுப் பாறுகளின் கூடுகளை எண்ணினார்: 353. 1996-97இல் மறுபடி எண்ணியபோது 150. மரங்களில் பறவைகள் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தன. முதலில் வைரஸ் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2004இல் கால்நடை நோயியல் ஆய்வாளர் லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு பாகிஸ்தானில் செத்த பறவைகளை அறுத்துப் பார்த்து விடையைச் சொன்னது. சிறுநீரகம் கெட்டுச் செத்த 25 பறவைகளிலும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து இருந்தது. வேறு காரணத்தால் செத்தவற்றில் அது இல்லவே இல்லை. மாட்டுக்கு வலிக்கும் காய்ச்சலுக்கும் போட்ட ஊசி, மாடு செத்ததும் பாறின் வயிற்றுக்குப் போயிருக்கிறது.

சரி, அது எப்படிக் கொல்கிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

புரதம் செரித்தால் நைட்ரஜன் கழிவு மிஞ்சும். நாம் அதை யூரியாவாக்கித் தண்ணீரில் கரைத்துச் சிறுநீராக விடுகிறோம். பறவைக்கு அது கட்டுப்படியாகாது. முட்டைக்குள் இருக்கும் குஞ்சை நினைத்துப் பாருங்கள்: ஓட்டுக்குள் இருக்கும் தண்ணீர் கொஞ்சம், கழிவை வெளியே தள்ள வழியும் கிடையாது. கரைகிற கழிவாக இருந்தால் அது குஞ்சையே கெடுத்துவிடும். அதனால் பறவைகள் கழிவை யூரிக் அமிலமாக்குகின்றன. அது தண்ணீரில் ஏறக்குறைய கரையவே கரையாது; ஓரமாகப் படிந்து கிடக்கும், தொந்தரவு செய்யாது. காக்கை எச்சத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருக்கிறதே, அதுதான். பறவையின் சிறுநீர் அது.

கரையாத பொருளை வெறுமனே வடிகட்டி வெளியேற்ற முடியாது. பறவையின் சிறுநீரகத்தில் நுண்குழாய்களின் சுவரில் இருக்கும் செல்கள் ரத்தத்திலிருந்து யூரிக் அமிலத்தை இழுத்துக் குழாய்க்குள் தள்ளுகின்றன. கிணற்றில் விடாமல் நீர் இறைப்பது போன்ற வேலை. டைக்ளோஃபெனாக் கைவைப்பது சரியாக இந்தச் செல்களில். அவை சாகின்றன, இறைப்பது நிற்கிறது. ஆனால் கல்லீரல் யூரிக் அமிலம் செய்வதை நிறுத்துவதில்லை. ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்துக்குமேல் கரைந்து நிற்க இடமில்லாமல் படிகமாக உதிர்கிறது. இரண்டு நாளில் கதை முடிந்துவிடும். அறுத்துப் பார்த்தால் இதயம், கல்லீரல் எல்லாவற்றின்மேலும் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளைப் பூச்சு. முட்டைக்குள் குஞ்சைக் காப்பாற்றிய அதே கரையாத குணம், வளர்ந்த பறவையை உள்ளிருந்தே பூசிவிடுகிறது.

நம் ஊரில் கால் கட்டைவிரல் வீங்கி "யூரிக் ஆசிட் ஏறிடுச்சு" என்பார்களே, அதே படிகம்தான். அந்த வலிக்கு டாக்டர் எழுதித் தரும் மருந்துகளில் டைக்ளோஃபெனாக்கும் ஒன்று!

வாசகருக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும். அவருடைய கழிவு யூரியா, வடிகட்டினாலே போதும். மருந்தையும் அவர் கல்லீரல் சில மணி நேரத்தில் உடைத்துவிடுகிறது. பாறின் உடம்பில் அது வெகுநேரம் தங்கும். (அதற்காக இஷ்டத்துக்கு விழுங்க வேண்டாம், நம் சிறுநீரகத்துக்கும் அது நல்லதல்ல.) வெண்முதுகுப் பாறுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 முதல் 0.2 மில்லிகிராம் வரை போனாலே உயிருக்கு ஆபத்து. ஐந்து கிலோ பறவைக்கு ஒரு மில்லிகிராம். அவர் போடும் மாத்திரை 50 மில்லிகிராம் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். இத்தனைக்கும் அமெரிக்காவின் வான்கோழிக் கழுகு இதைப்போல நூறு மடங்குக்கு மேல் கொடுத்தாலும் தாங்குகிறது. அதுவும் பிணம் தின்னிதான், ஆனால் வேறு வம்சம்.

பாறு இனமே அழிய, மருந்து ஏறிய மாட்டுப் பிணங்கள் நூற்றுக்கு ஒன்றுகூட இருக்க வேண்டியதில்லை. ஒரு மாட்டில் பல டஜன் பறவைகள் உட்காரும். ஒரு ஜோடி ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். 1992இல் ஆயிரம் வெண்முதுகுப் பாறுகள் இருந்த இடத்தில் 2007இல் ஒன்று மிஞ்சியது. கூடு எண்ணுகிறேன், பிணம் அறுக்கிறேன் என்று யாராவது ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் இன்றைக்கும் முகத்தைச் சுளிக்கத்தான் செய்வார்கள். எனக்கு அது எரிச்சல்.

2006இல் இந்தியா கால்நடைகளுக்கு இந்த மருந்தைத் தடை செய்தது. மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்து இருக்கிறது, பாறின் உடம்பு அதைச் சட்டென்று கழித்துவிடும். ஆனாலும் மனிதர்களுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015இல் குப்பியை 3 மில்லியாகச் சுருக்கினார்கள். ஒரு மாட்டுக்கு நாலைந்தாவது உடைக்க வேண்டும். அப்புறம் அசெக்ளோஃபெனாக் வந்தது. லேபிளில்தான் வேறு பெயர், மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காக மாறிவிடும். 2023இல்தான் அதற்குத் தடை.

மகளின் கட்டுரை 'அழிந்துவிட்டது' என்று முடிந்தால் அந்த வரியை மட்டும் அடிக்கச் சொல்லுங்கள். நீலகிரிக்குக் கீழே, மோயாற்றங்கரை நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறு இன்னும் கூடு கட்டுகிறது.