கோசுமல்லி ஏன் தண்ணீர் விடுகிறது?

ராமநவமிக்கு நீர்மோர், பானகத்தோடு செய்கிற கோசுமல்லி, கலந்தவுடன் பொலபொலவென்று இருக்கும். பரிமாறும் நேரத்தில் பார்த்தால் பாத்திரத்தின் அடியில் தண்ணீர் தேங்கி, வெள்ளரி துவண்டு, பருப்பு சொதசொதவென்று கிடக்கும். கைப்பக்குவத்தில் குறையில்லை. உப்பு போட்ட நேரம்தான் தப்பு. வெள்ளரிக்காயில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். நறுக்கிய துண்டில் உப்புப் பட்டதும் உள்ளிருக்கும் நீர் வெளியே வரத் தொடங்கிவிடும். பத்து நிமிடத்தில் பளபளப்பு தெரியும், அரை மணி நேரத்தில் குளமே கட்டிவிடும்.

பச்சைக் காய்கறி சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஆலோசனை சொன்னால், லெட்யூஸும் ஆலிவ் எண்ணெயும் எங்கே கிடைக்கும் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். எதுவும் தேட வேண்டாம். பங்குனி, சித்திரையில் வண்டியில் வரும் வெள்ளரிப்பிஞ்சு, ஒரு கேரட், ஒரு துண்டு மாங்காய், கால் ஆழாக்குப் பாசிப்பருப்பு போதும். பார்க்க வேண்டியது தண்ணீரை: கழுவுகிற தண்ணீர், காயிலிருந்து கசிகிற தண்ணீர், கிருமி வளர இடம் கொடுக்கும் ஈரம். இந்த மூன்றிலும்தான் வீட்டில் தவறு நடக்கிறது.

நான்கு பேருக்கு ஐம்பது கிராம் பாசிப்பருப்பு. முக்கால் மணி நேரம் ஊறினால் போதும்; நகத்தால் கிள்ளினால் உடைய வேண்டும், நசுங்கக் கூடாது. கோடையில் இரண்டு மூன்று மணி நேரம் வெளியே ஊறவிட்டால் நுரைத்து வாடை வந்துவிடும். வேறு வேலை இருந்தால் ஃப்ரிட்ஜில் ஊறட்டும். ஊறியதை வடிதட்டில் கொட்டிப் பத்து நிமிடம் விடுங்கள். இந்தப் பத்து நிமிடத்தைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். இருநூறு கிராம் வெள்ளரி. முற்றியதென்றால் விதைப் பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பொடியாக நறுக்கவும். ஒரு கேரட் துருவல், இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல், ஒரு மேசைக்கரண்டி மாங்காய்த் துருவல். ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம், ஒரு பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, ஆறவிட்டுச் சேர்க்க வேண்டும். சூடாகக் கொட்டி மூடி வைத்தால் ஆவி மூடியில் முட்டித் திரும்பச் சொட்டும். அரைத் தேக்கரண்டி உப்பும் அரை மூடி எலுமிச்சையும் சாப்பிட இலை போட்ட பிறகுதான். அந்த ஒரு கரண்டி எண்ணெயை உடம்பு இளைக்க வேண்டுமென்று நிறுத்திவிடாதீர்கள். கேரட்டில் இருக்கும் கரோட்டின் உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும்.

வெள்ளரியின் காம்புப் பக்கத்தை ஒரு அங்குலம் வெட்டி, ஒரு துண்டைக் கடித்துப் பாருங்கள். கசப்புச் சத்து காம்புப் பக்கம்தான் அதிகம் சேரும். நடுத்துண்டும் நாக்கில் ஒட்டும்படி கசந்தால் முழுதாகத் தூக்கிப் போட வேண்டியதுதான். உப்போ தயிரோ அதைச் சரிசெய்யாது. சுரைக்காய்ச் சாற்றுக்கும் இதே விதி, இன்னும் கண்டிப்பாக. கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து உயிர் போனதும் இந்தியாவில் நடந்திருக்கிறது.

தயிர்ப் பச்சடிக்கு வழி நேர்மாறு. நறுக்கிய வெள்ளரியில் முதலிலேயே உப்புப் பிசறிப் பத்து நிமிடம் கழித்துப் பிழிந்துவிட்டுக் கெட்டித் தயிரில் சேர்க்கலாம். பிழிந்த நீரைக் கொட்ட வேண்டாம், மோரில் ஊற்றிக்கொள்ளலாம்.

இனி கழுவுவது. நறுக்கிவிட்டுக் கழுவுகிற பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. வெட்டிய முகத்தின் வழியாக அழுக்கு நீர் உள்ளே போகும், வைட்டமின் சி வெளியே போகும். முழுதாக இருக்கும்போதே குழாய் நீரோட்டத்தில் கையால் தேய்த்துக் கழுவி, சுத்தமான துணியால் துடைத்துவிட்டு நறுக்க வேண்டும். கொத்தமல்லி, புதினாவை அகன்ற பாத்திரத்து நீரில் அலசி, கையால் மேலே அள்ளி எடுக்கவும். பாத்திரத்தைக் கவிழ்த்து வடித்தால் அடியில் தங்கிய மண் திரும்ப இலை மேலேயே விழும். தொட்டித் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ எப்படியிருக்கும் என்று தெரியாத மழைக்காலத்தில், பச்சையாகச் சாப்பிடப் போவதைக் கடைசியாக ஒருமுறை குடிநீரில் அலசிவிடுங்கள்.

மஞ்சள் உப்புத் தண்ணீரில் போட்டால் எல்லாக் கிருமியும் செத்துவிடும் என்பது நம்பிக்கை மட்டுமே. மண்ணும் பூச்சியும் விலகும், அவ்வளவுதான். பூச்சிமருந்து விஷயத்தில் உருப்படியான ஒரு சோதனை உண்டு. 2017-ல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிளில் இரண்டு பூச்சிமருந்துகளைத் தடவிப் பார்த்தார்கள். லிட்டருக்குப் பத்து கிராம் வீதம் சமையல் சோடா கரைத்த நீரில் 12 முதல் 15 நிமிடம் வைத்தபோது தோலின் மேலிருந்தது நீங்கியது. உள்ளே இறங்கிய மருந்து நீங்கவில்லை. ஆக, இரண்டு தேக்கரண்டி சமையல் சோடா, கால் மணி நேரம், பிறகு ஓடும் நீரில் அலசல். மெல்லிய தோலுள்ள திராட்சை, ஆப்பிள், தக்காளிக்கு இது போதுமான வேலை.

முட்டைக்கோஸை மட்டும் பச்சையாகப் போடாமல் இருப்பது நல்லது. இலை மடிப்புகளில் நாடாப்புழு முட்டைகள் ஒட்டியிருக்க வாய்ப்புண்டு. பன்றி நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போனால், அதிலிருந்து வரும் இளம்புழு மூளைவரை போய் வலிப்பு நோயில் கொண்டுபோய் விடலாம். மேலிரண்டு மூன்று இலைகளை உரித்தெறிந்து, மீதியைப் பிரித்துக் கழுவி, ஐந்து நிமிடம் ஆவியில் வைத்து ஆறவிட்டுச் சேர்த்தால் மொறுமொறுப்பும் முழுதாகப் போய்விடாது.

முளைகட்டிய பயறும் அதே ரகம்தான். உடம்புக்கு நல்லது என்ற பெயரில் பச்சையாக அள்ளிச் சாப்பிடுகிறார்கள். பயறு முளைக்கத் தேவையான ஈரமும் கதகதப்பும் பாக்டீரியாவுக்கும் பிடித்தவை. 2011-ல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தால் பரவிய ஈ-கோலைத் தொற்றில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள், சர்க்கரை நோயாளிகள் இருக்கும் வீட்டில் பயறு இட்லிப் பானையைப் பார்க்காமல் தட்டுக்கு வரவே கூடாது.

பழங்களில் காலம் பார்த்து வாங்குவதே பாதிப் பாதுகாப்பு. மாசி மாதமே மஞ்சளாக மினுங்கும் மாம்பழத்தை ஏன் வாங்க வேண்டும்? கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. எத்திலீன் வாயு மட்டும் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) வரை அனுமதி. மேல்தோல் ஒரே சீராக மஞ்சளாகியும் காம்படியில் வாசம் இல்லாமல் உள்ளே புளித்தால் சந்தேகப்படலாம், அது உறுதியான சோதனை இல்லை என்றாலும். சித்திரை வைகாசிக்கு மாம்பழம், நுங்கு, ஆடியில் நாவல், ஐப்பசி வாக்கில் சீத்தா, பிறகு நெல்லி, இலந்தை. கொய்யாவுக்குப் பெரும்பாலான மாதங்களில் பஞ்சமில்லை. நூறு கிராம் கொய்யாவில் இருநூறு மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உண்டு, ஆரஞ்சில் ஐம்பதை ஒட்டித்தான். கேழ்வரகு, கீரை சாப்பிடும் வேளையிலேயே இரண்டு துண்டு கொய்யா சேர்ந்தால் அவற்றின் இரும்புச்சத்து உடம்பில் கூடுதலாகச் சேரும்.

தர்பூசணி, கிர்ணி, பப்பாளியில் அதிகக் கவனம் வேண்டும். மூன்றிலும் புளிப்பு குறைவு, ஆகவே நறுக்கிய பின் கிருமிக்குத் தடையில்லை. கிர்ணியின் வலைபோன்ற தோலிடுக்கில் மண் தங்கும். கத்தி அதைச் சதைக்குள் இழுத்துப் போகும். 2011-ல் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு பண்ணையிலிருந்து போன கிர்ணிப்பழங்களால் 33 பேர் இறந்தார்கள். காரணமான லிஸ்டீரியா என்ற பாக்டீரியா ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரக்கூடியது. ஆகவே வெட்டுமுன் தோலைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். மீன் நறுக்கிய அரிவாள்மனையும் பலகையும் பழத்துக்கு வேண்டாம். நறுக்கியது வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரியைத் தாண்டிய வெயிலில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. பிள்ளையின் டிபன் பாக்ஸுக்கு நறுக்கிய தர்பூசணியைவிட முழு வாழைப்பழமோ கொய்யாவோதான் சரி.

கஸ்டர்ட் போட்ட ஃப்ரூட் சாலட்டுக்கு அரை லிட்டர் பால், இரண்டு மேசைக்கரண்டி கஸ்டர்ட் பவுடர், மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை. பவுடரை ஆறிய பாலில் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். கொதிக்கும் பாலில் நேராகப் போட்டால் வெளிப்பக்கம் வெந்து உள்ளே மாவாகக் கட்டிவிடும். கரண்டியில் மெல்லிய படலம் ஒட்டும்போதே இறக்குங்கள், ஆறும்போது இன்னும் இறுகும். முழுதாகக் குளிர்ந்த பிறகு ஆப்பிள், மாதுளை, சப்போட்டா, மாம்பழம், வாழைப்பழம் கடைசியில். பச்சை அன்னாசி வேண்டாம். அதிலுள்ள புரோமலைன் நொதி பால் புரதத்தை அறுத்துக் கசப்பாக்கும். அன்னாசிதான் வேண்டுமென்றால் சர்க்கரையோடு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்துச் சேர்க்கலாம், சூட்டில் நொதி செயலிழந்துவிடும். பப்பாளியிலும் இதே சங்கதி. தர்பூசணி கசப்பாக்காது, ஆனால் நீர்விட்டுக் கஸ்டர்டைக் கஞ்சியாக்கும்.

பழக் கலவை நாள்பட இருக்க வேண்டுமென்றால் அதன் இலக்கணம் பழனியில் இருக்கிறது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பஞ்சாமிர்தத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. மலை வாழைப்பழத்தின் ஈரத்தைச் சர்க்கரையும் தேனும் பிடித்து வைத்துக்கொள்வதால் கிருமிக்குக் கிடைப்பதில்லை. வீட்டில் அரைக்கரண்டி சர்க்கரை தூவிய பழத்துண்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அந்தச் சர்க்கரை நீரை இழுத்துவிடுவதோடு சரி. தூவுவதென்றால் சாப்பிடும்போது தூவுங்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி, நாளுக்கு 2000 கலோரி தேவைப்படுபவருக்கு 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் என்கிறது. சர்க்கரை நோயாளிகள் பழத்தைச் சாறாக்காமல் கடித்தே சாப்பிட வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு நட்சத்திரப் பழம் ஒரு துண்டுகூட ஆகாது: அதன் நச்சு வெளியேறாமல் தங்கி, தீராத விக்கலில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுபோகும். வாழைப்பழத்துக்கும் இளநீருக்கும், பொட்டாசியம் அளவைப் பார்த்து உங்கள் மருத்துவர் சொல்லும் கணக்குதான்.