ஐங்கோண அட்டையும் அரைப் பேரும்

இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்குக் கொழுந்து நிறுவைக் கணக்குக்கான மென்பொருள் எழுதிக் கொடுத்த முதல் மாதம். ஒரு அக்கா வந்து, "தம்பி, அன்னைக்கு 21 கிலோ பறிச்சேன். எனக்கு ஏன் அரைப் பேர் விழுந்திருக்கு?" என்று கேட்டார். பறித்த கொழுந்து குறைந்தால் அரை நாள் சம்பளம் மட்டும் போடுவதுதான் அரைப் பேர். தேடினேன். அவருடைய நம்பர் 1437. அந்தி நிறுவையில் யாரோ 1473 என்று தட்டியிருந்தார்கள். அது இன்னொருவருடைய நம்பர். என் மென்பொருள் எதுவும் கேட்காமல் கொழுந்தை அவர் கணக்கில் ஏற்றிவிட்டது.

மழைக்குள் நின்று, நனைந்த விரலால் தட்டியவரைக் குறை சொல்ல மாட்டேன். பிழை வரத்தான் செய்யும். அது போய் விழ வெற்றிடமே இல்லாமல் நம்பர்களை நெருக்கி அடுக்கினேன் பாருங்கள், அதுதான் தவறு. தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து அறைகள் மாதிரி: இருட்டில் ஒரு கதவு தப்பினாலும் இன்னொருவர் வீட்டுக்குள்தான் கால் வைப்போம்.

பெல் ஆய்வுகூடத்து ரிச்சர்ட் ஹாமிங் 1950இல் இதைத் தூரக் கணக்காகவே பார்த்தார். மூன்று பிட்டுகளை, அதாவது 0 அல்லது 1 ஆக இருக்கும் மூன்று இலக்கங்களை, ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளாக வையுங்கள். 000, 111 இரண்டு மட்டுமே செல்லுபடியாகும் என்றால் அவை எதிரெதிர் மூலைகள். 000இல் ஒரு பிட் புரண்டால் 010 மாதிரி ஆளில்லாத மூலைக்குப் போகும். அங்கிருந்து 000 ஓர் அடி தூரம், 111 இரண்டு அடி தூரம். பிழை தெரியும், திருத்தவும் முடியும்.

எங்களுக்கு இன்னொரு தொல்லை, இலக்கங்கள் இடம் மாறுவது. நம்பரின் கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் சேர்க்கலாம்; ஆனால் அதற்கு இலக்கங்களை வெறுமனே கூட்டிப் பார்த்தால் 3+7உம் 7+3உம் ஒன்றுதான். 1969இல் நெதர்லாந்துக் கணிதர் யாகோபஸ் வெர்ஹூஃப் இதற்கு ஒழுங்கான ஐங்கோணத்தைக் கையில் எடுத்தார். நீங்களும் அட்டையில் ஒன்றை வெட்டி, மூலைகளுக்கு எழுத்துப் போட்டுப் பாருங்கள். ஒரு மூலை சுழற்றிவிட்டுக் கவிழ்த்தால் ஒரு நிலை. கவிழ்த்துவிட்டு அதே பக்கம் சுழற்றினால் வேறு நிலை. ஐந்து சுழற்றல், ஐந்து கவிழ்ப்பு. பத்து இலக்கத்துக்கும் ஆள் கிடைத்துவிட்டது. நம்பரின் இலக்கங்களை ஒவ்வொன்றாக அட்டையில் செய்துவிட்டு, அட்டையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் இலக்கம் எதுவோ அதுதான் சரிபார்ப்பு இலக்கம். சுழற்றலை அடுத்துச் சுழற்றலே வந்தால் வரிசை மாறியது தெரியாது என்பதால், இடத்துக்கு இடம் இலக்கங்களைக் கலைத்துப்போடும் அட்டவணை ஒன்றும் சேர்த்தார். ஓர் இலக்கம் தப்பினாலும், பக்கத்து இலக்கங்கள் இரண்டு மாறினாலும் கட்டாயம் பிடிபடும். இந்தியாவின் ஆதார் எண்ணில் இருப்பதும் இதுதான்.

இந்த முறையில் 1437க்குச் சரிபார்ப்பு இலக்கம் 3, 1473க்கு 6. அக்காவின் நம்பர் இப்போது 14373. தவறி 14733 என்று தட்டினால் கருவி ஏற்காது.

முழுக்க வேறு எண்ணைத் தட்டினால் பத்தில் ஒன்று தப்பிவிடும். அதனால் பெயரும் திரையில் வர வைத்தோம். மென்பொருள் எழுதும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன்: சம்பளக் கணக்கில் கருவி தானாக ஊகித்துத் திருத்த விடாதீர்கள். நிறுத்திக் கேட்கட்டும். அன்று அக்காவின் கிலோவைத் திருப்பி எழுதியபோது, 1473க்குரிய பெண்ணின் கணக்கில் அதைக் குறைக்க வேண்டி வந்தது. அவரும் ஒரு தவறும் செய்யாதவர்.