அவுட்லுக் திறக்கவில்லையா? முதலில் கையை எடுங்கள்

திருகோணமலை உப்புவெளியில் சின்ன விடுதி நடத்தும் ஓர் அண்ணா, சீசன் தொடங்குவதற்கு முதல் கிழமை ஓட்டோவில் வந்து இறங்கினார். மடியில் மேசைக் கொம்பியூட்டரின் பெட்டி, குழந்தையைப் பிடித்திருப்பதுபோல. "தம்பி, எல்லா புக்கிங்கும் இதுக்குள்ளதான் கிடக்கு. ஈமெயிலைத் திறந்தா ஏதோ எரர் காட்டுது. நான் ஒண்டும் செய்யேல்ல" என்றார்.

பதினைந்து வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். "நான் ஒண்டும் செய்யேல்ல" என்று தொடங்கும் கதைகளில்தான் செய்தது அதிகம் இருக்கும். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து மெதுவாகக் கேட்டேன். முதல்நாள் இரவு யூடியூபில் ஒரு வீடியோ பார்த்து, அவுட்லுக் என்ற மைக்ரோசொப்டின் ஈமெயில் மென்பொருளோடு வரும் பழுதுபார்க்கும் கருவியை ஓட்டியிருக்கிறார். அது முதலில் ஒரு கொப்பி எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டிருக்கிறது. டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று அந்தச் சரிக் குறியை எடுத்துவிட்டார். பாதியில் கரண்ட் போயிருக்கிறது. வந்ததும் திரும்ப ஓட்டியிருக்கிறார். அப்புறம் கணக்கையே நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்திருக்கிறார். கடைசியாக, எங்கிருந்தோ இறக்கிய மீட்பு மென்பொருள் ஒன்றை அதே டிஸ்க்கில் நிறுவியிருக்கிறார்.

இந்த நான்கில் கணக்கை நீக்கியது ஒன்றுதான் பெரிதாகக் கெடுக்கவில்லை. அவர் பாவித்தது பொப் (POP) வகைக் கணக்கு, கடிதங்களை நம் கணினிக்கே இறக்கி வைக்கும் முறை. அதில் கணக்கை நீக்கினாலும் கடிதக் கோப்பு டிஸ்க்கில் அப்படியே கிடக்கும். மற்ற மூன்றும் இருந்ததையும் கெடுத்தன.

என் கடைக்கு வரும் ஈமெயில் பழுதுகளில் நான் கண்டது இதுதான்: கோப்பு உடைந்ததால் இழந்ததைவிட, உடைந்ததைப் பார்த்துப் பதறிக் கை வைத்ததால் இழந்ததே அதிகம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஈமெயில் என்றால் "இன்டர்நெட்டில் இருக்கும்" என்று நம்மில் நிறையப்பேர் நினைக்கிறோம். ஜிமெயிலை பிரவுசரில் திறந்து பார்ப்பவர்களுக்கு அது உண்மை. அவுட்லுக்கில் வேலை செய்பவர்களுக்கு அது எப்போதும் உண்மையில்லை. அங்கே இரண்டு வகைக் கோப்பு உண்டு. பெயரின் வால் ஓஎஸ்டி (.ost) என்று முடிந்தால், அது வங்கிப் புத்தகம் மாதிரி. பணம் வங்கியில் இருக்கிறது. புத்தகம் தொலைந்தால் வேறொன்று எழுதித் தருவார்கள். பீஎஸ்டி (.pst) என்று முடிந்தால், அது அலுமாரிக்குள் இருக்கும் நகை. அதற்கு வேறெங்கும் பதிவு இல்லை. அலுமாரி போனால் நகையும் போனது.

உங்களிடம் இருப்பது எது என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். பைல் மெனு, அதற்குள் அக்கவுண்ட் செட்டிங்ஸ், அதற்குள் டேட்டா பைல்ஸ். கோப்பின் பெயரும் அது கிடக்கும் இடமும் அங்கே இருக்கும். பழுது வருவதற்கு முன்பே பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். பழுது வந்தபிறகு அவுட்லுக் திறக்காது.

பொப் முறையில் கடிதம் எடுப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். சேவரில், அதாவது ஈமெயில் சேவை தருபவரின் கணினியில், ஒரு பிரதியை விட்டுவை என்று குறித்திருந்தாலும், 14 நாளில் அதை அழித்துவிடும்படிதான் 2010 பதிப்பு முதல் அவுட்லுக்கில் வழமையாக அமைத்திருக்கும். விடுதிக்கார அண்ணாவுக்கும் சேவரில் மிஞ்சியிருந்தது கடைசி இரண்டு கிழமைக் கடிதங்கள் மட்டுமே.

ஓஎஸ்டி வைத்திருப்பவர்கள் நிம்மதியாக இருக்கலாம், ஆனால் முழு நிம்மதி வேண்டாம். கோப்பு கெட்டால் அவுட்லுக்கை மூடிவிட்டு அதன் பெயரை மாற்றி வைத்தால் போதும், அடுத்தமுறை திறக்கும்போது சேவரிலிருந்து புதிதாக இறக்கிக்கொள்ளும். பெயரை மாற்றுங்கள் என்றுதான் சொன்னேன், அழியுங்கள் என்று சொல்லவில்லை. காரணம் இருக்கிறது. ஐமேப் (IMAP) முறையில், அதாவது கடிதங்களைச் சேவரிலேயே வைத்திருக்கும் முறையில், இணைத்த கணக்கில் கடிதங்கள் மட்டும்தான் சேவரில் இருக்கும். அவுட்லுக்குக்குள் நீங்கள் தட்டி வைத்த தொலைபேசி இலக்கங்களும் நாட்குறிப்பும் அந்த ஓஎஸ்டிக்குள் மட்டுமே இருக்கும். பக்கத்தில் "இந்தக் கணினியில் மட்டும்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும், யாரும் வாசிப்பதில்லை. ஒரு கணக்காளரின் கந்தோரில் இப்படி வாடிக்கையாளர் இலக்கங்கள் மொத்தமாகப் போனதைக் கண்டிருக்கிறேன். நல்லவேளை, அங்கிருந்த மிஸ் பழைய டயரியை எறியாமல் வைத்திருந்தார்.

சரி, கோப்பு ஏன் உடைகிறது?

ஒரு காரணம் பருமன். அவுட்லுக் 2002 வரையான பழைய வகைப் பீஎஸ்டிக்கு 2 ஜிபிதான் எல்லை. 2003, 2007 பதிப்புகளில் வழமையான எல்லை 20 ஜிபி, 2010 முதல் 50. இந்த அண்ணா 2007ஐ விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய கோப்பு 20ஐத் தொட்டு நின்றது. அறைப் படங்களை ஒவ்வொரு பதில் கடிதத்திலும் இணைத்து அனுப்பினால் அப்படித்தான் வரும். எல்லை 50 என்பதற்காக 45 வரை வளர விடவும் கூடாது. கோப்பு பெருக்கப் பெருக்க அதைப் பழுதுபார்க்கும் நேரமும் கூடும். நான் 10ஐத் தாண்டினாலே வருடவாரியாகப் பிரித்துவிடுகிறேன்.

பழைய கடிதங்களை அழித்தால் பருமன் உடனே குறைந்துவிடும் என்பதும் தப்பு. அழித்த இடம் கோப்புக்குள்ளேயே வெற்றிடமாகக் கிடக்கும். அதைச் சுருக்க டேட்டா பைல் அமைப்புக்குள் கொம்பெக்ட் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் யூபிஎஸ் பெட்டி இல்லாமல் அதை அழுத்தாதீர்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோம், நினைவிருக்கும். அந்த மாதங்களில் என் மேசையில் வரிசையாக நின்றவை இப்படிப் பாதியில் அறுந்த கோப்புகள்தான். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அதற்கு ஒரு குரங்கு காரணம் என்று அமைச்சரே சொன்னார். குரங்கை நம்மால் தடுக்க முடியாது. ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி வைக்க முடியும்.

இன்னொரு காரணம் கோப்பை வைக்கும் இடம். மூன்று கொம்பியூட்டர் உள்ள சின்ன அலுவலகங்களில், ஒரு பீஎஸ்டியைப் பொதுவான டிஸ்க்கில் வைத்து நெட்வேர்க் வழியாகத் திறப்பார்கள். மைக்ரோசொப்ட் அதை ஆதரிப்பதில்லை; நடுவில் இணைப்பு ஒரு நொடி அறுந்தாலே கோப்பு குழம்பிவிடும். வன்டிரைவ் (OneDrive) என்ற மைக்ரோசொப்டின் இணையச் சேமிப்புப் போல்டருக்குள் பீஎஸ்டி கிடப்பதும் தலையிடிதான். இங்கே நீங்களாக எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. டொக்கியுமென்ட்ஸ் போல்டரை வன்டிரைவ் தானாக எடுத்துக்கொண்டால், அதற்குள் இருக்கும் பீஎஸ்டியும் கூடவே போகும். பார்த்து வெளியே எடுத்து வையுங்கள்.

மூன்றாவது, எங்கள் ஊருக்கே உரியது. உப்புவெளி என்று ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. கரையோரத்தில் ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யும் கொம்பியூட்டரை இரண்டு மூன்று வருடத்தில் கழற்றிப் பார்த்தால், இணைப்பு முனைகளில் பச்சை பூத்திருக்கும். அப்படிப்பட்ட பெட்டியில் அவுட்லுக் எரர் காட்டினால், நோய் கோப்பில் இருக்கலாம், டிஸ்க்கிலேயே இருக்கலாம். டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டால் அப்படியே நிறுத்திவிடுங்கள். அந்த நிலையில் பழுதுபார்க்கும் கருவியை ஓட்டுவது, காலில் முறிவு உள்ளவரைக் கன்னியா வெந்நீர் ஊற்றுக்கு நடத்திக் கூட்டிப் போவது மாதிரி. முதலில் டிஸ்க் முழுவதையும் வேறொரு நல்ல டிஸ்க்குக்குப் படியெடுக்க வேண்டும். நான் அதற்கு டிடிரெஸ்கியூ என்ற இலவசக் கருவியைப் பாவிக்கிறேன். படிக்க முடிந்ததையெல்லாம் முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களைக் கடைசியில் திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும்.

இனி பழுதுபார்ப்பது. அவுட்லுக்கோடு ஸ்கேன்பீஎஸ்டி (SCANPST) என்ற கருவி வருகிறது, காசு இல்லை. ஓபிஸ் நிறுவியிருக்கும் போல்டருக்குள்ளேயே கிடக்கும். அவுட்லுக்கை மூடுங்கள். பீஎஸ்டியை வேறு டிஸ்க்குக்குக் கொப்பி செய்யுங்கள். மூலத்தைத் தொடாமல் வைத்துவிட்டு, கொப்பியின் மேல் கருவியை ஓட்டுங்கள். எட்டுக் கட்டமாகப் போகும். பெரிய கோப்பென்றால் மணிக்கணக்காகும். நகரவில்லை என்று நினைத்துப் பாதியில் நிறுத்த வேண்டாம். ஒருதடவை ஓடி முடிந்தும் பிழை இருப்பதாகச் சொன்னால் திரும்ப ஓட்டுங்கள், சில கோப்பு மூன்று நான்கு தடவை கேட்கும். எந்தப் போல்டரைச் சேர்ந்தது என்று தெரியாத கடிதங்களை "லொஸ்ட் அண்ட் பவுண்ட்" என்ற பெயரில் ஒரு போல்டருக்குள் குவித்திருக்கும். அதோடு வேலை முடியவில்லை. புதிதாக ஒரு பீஎஸ்டி உண்டாக்கி, தப்பியதையெல்லாம் அதற்குள் நகர்த்துங்கள். ஒருதடவை உடைந்து ஒட்டிய சட்டியில் திரும்பவும் சோறு வடிக்க வேண்டாம்.

இந்தக் கருவி கோப்பின் கட்டமைப்பைத்தான் சரிசெய்யும். டிஸ்க்கில் எழுதப்படாமலே போனதை அது கொண்டுவராது. விடுதிக்கார அண்ணாவின் கோப்பு கொப்பி இல்லாமல் இரண்டுதடவை வெட்டுப்பட்டிருந்தது. பழைய வருடங்கள் பெரும்பாலும் வந்தன. கடைசி இரண்டு வருடக் கடிதங்களில் பாதிக்கு அனுப்பியவர் பெயர் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. அவர் மூன்று இரவு உட்கார்ந்து ஒவ்வொரு முகவருக்கும் எழுதிக் கேட்டுத்தான் அந்த சீசன் புக்கிங்கைத் திரும்பச் சேர்த்தார்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்ததிலிருந்து கொம்பியூட்டர் மாற்றுவோரும் போர்மட் செய்வோரும் கூடிவிட்டார்கள். அதோடு கூடியிருப்பது இந்தக் கதை: தெரிந்த பையன் ஒருவன் வந்து, டெஸ்க்டொப்பையும் டொக்கியுமென்ட்ஸையும் பென் டிரைவுக்கு எடுத்துவிட்டுப் போர்மட் அடிப்பான். பழைய அவுட்லுக் தன் பீஎஸ்டியை ஆப்டேட்டா என்ற மறைந்த போல்டருக்குள் வைத்திருந்தது. 2010 பதிப்பிலிருந்துதான் டொக்கியுமென்ட்ஸுக்குள் வைக்கத் தொடங்கியது. பழைய பதிப்பின் மேலேயே புதியதைப் போட்டவர்களுக்கு கோப்பு பழைய இடத்தில்தான் இருக்கும். பையனைக் குறை சொல்ல மாட்டேன், கண்ணுக்குத் தெரியாததை அவன் எப்படி எடுப்பான்? நானும் தொடங்கிய காலத்தில் ஒருதடவை இதே பிழையை விட்டவன்தான்.

அப்படி நடந்துவிட்டால் அந்த நிமிடமே மெஷினை நிறுத்திவிட வேண்டும். சுழலும் பழைய டிஸ்க் என்றால், மேலே வேறு ஏதும் எழுதப்படாதவரை எடுக்க வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டி என்ற சுழலாத புதுவகை என்றால், அழித்த இடத்தை அதுவே துடைத்து வைத்துவிடும். அங்கே நான் யாருக்கும் நம்பிக்கை வார்த்தை சொல்வதில்லை.

அவுட்லுக் போல இன்னொரு ஈமெயில் மென்பொருளான தண்டர்பேர்ட் பாவிப்பவர்கள் எங்கள் ஊரில் குறைவு. ஓர்ஸ் ஹில் பக்கம் இருக்கும் ஓய்வுபெற்ற சேர் ஒருவருக்குத் திடீரென்று இன்பொக்ஸ் காலியாகத் தெரிந்தது. அதில் கடிதங்கள் ஒரு கோப்பிலும், அவற்றின் அட்டவணை எம்எஸ்எப் என்று முடியும் இன்னொரு கோப்பிலும் இருக்கும். அட்டவணைதான் கெட்டிருந்தது. தண்டர்பேர்டை மூடி, அந்த எம்எஸ்எப்பை மட்டும் வேறிடத்துக்கு நகர்த்திவிட்டுத் திறந்தேன். அட்டவணையைத் தானே திரும்பக் கட்டிக்கொண்டது. ஐந்து நிமிட வேலை, காசு வாங்கவில்லை, ஒரு சீப்பு கதலி வாழைப்பழம் கிடைத்தது. தண்டர்பேர்டில் அழித்த கடிதம்கூட, கொம்பெக்ட் செய்யும்வரை அந்தக் கோப்புக்குள் கிடக்கும். முக்கியமான ஒன்றைத் தவறி அழித்துவிட்டால், கொம்பெக்ட் செய்யட்டுமா என்று அது கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மீட்பு மென்பொருள்களைப் பற்றி. நல்லவையும் உண்டு. பெரும்பாலானவை இலவசமாக ஓடவிட்டு, கிடைத்த கடிதங்களின் பட்டியலைக் காட்டி, சேமிக்கப் போகும்போது காசு கேட்கும். அதில் தப்பில்லை, எதை எடுக்க முடியும் என்று பார்த்துவிட்டுக் கொடுக்கலாம். பயப்பட வேண்டியது திருட்டுப் பதிப்புகளுக்கும், "உங்கள் கோப்பை எங்களுக்கு ஏற்றுங்கள்" என்னும் தளங்களுக்கும். வாடிக்கையாளர்களின் கடவுச்சீட்டுப் படங்கள் கிடக்கும் கோப்பை முகம் தெரியாதவனுக்கு அனுப்புவீர்களா? பீஎஸ்டிக்குப் பாஸ்வேர்ட் போட்டிருக்கிறேன் என்பதும் காவல் இல்லை. அந்தப் பூட்டு அவுட்லுக்கிடம் மட்டும்தான் செல்லும். உள்ளிருப்பதை அது பூட்டுவதில்லை. ரீட்பீஎஸ்டி என்ற இலவசக் கருவி பாஸ்வேர்டைக் கேட்காமலே வாசித்துவிடும்.

கொப்பி எடுத்து வைப்பது பற்றி எல்லோருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை. நான் சொல்லும் வழி போயா நாள், பௌர்ணமி விடுமுறை. மாதம் ஒருமுறை தவறாமல் வரும், கலண்டரில் குறித்தே இருக்கும். அன்றைக்கு அவுட்லுக்கை மூடிவிட்டு (திறந்திருந்தால் கொப்பியாகாது) பீஎஸ்டியை வெளி டிஸ்க்குக்கு எடுங்கள். டிஸ்க் இரண்டு வேண்டும், ஒரு மாதம் ஒன்று, மறுமாதம் மற்றது. ஒன்றாவது வேறு வீட்டில் இருக்கட்டும். 2004 டிசம்பர் 26ஐக் கரையில் இருந்து பார்த்த ஊருக்கு, ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை. உப்புக்காற்றுப் படாமல் மூடி இறுகிய டப்பாவில், மருந்துப் போத்தலுக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வையுங்கள்.

விடுதிக்கார அண்ணா இப்போது அப்படித்தான் செய்கிறார். போயா அன்று பார் பூட்டியிருப்பதால் தனக்கும் நேரம் இருக்கிறது என்கிறார். இரண்டு டிஸ்க்கிலும் நெயில் பொலிஷால் சிவப்பு, நீலம் என்று புள்ளி வைத்துக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு மாதமும் அன்று காலை எட்டு மணிக்கு முதல் எனக்குப் போன் வரும்: "தம்பி, போன மாசம் சிவப்பா, நீலமா?"