குதிரை ஏறக் கத்துக்கப் போனவன் கையில ஏன் லத்தி அள்ளுற ஷவலைக் குடுக்குறாங்க?

முதல் நாளே சேணத்துல உக்கார வச்சு ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போவாங்கன்னு நினைச்சுத்தான் ரைடிங் கிளாஸ்ல சேர்ந்தேன். போனதும் ஷவலைக் கையில குடுத்து லாயத்த க்ளீன் பண்ணச் சொன்னாங்க. சரி அள்ளிட்டுப் போவோம்னு பாத்தா, எத்தனை குவியல் கெடந்துச்சு, உருண்டையா இருக்கா, கூழா இருக்கா, காய்ஞ்சு கெட்டியா இருக்கான்னு எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதணுமாம். ரெண்டு வாரம் மனசுக்குள்ள திட்டிக்கிட்டேதான் எழுதுனேன். ஏன் எழுதச் சொல்றாங்கன்னு புரிஞ்சது மூணாவது மாசம்தான், அத கடைசில சொல்றேன்.

மொதல்ல ஒரு விஷயம். குதிரை வலிய காட்டிக்காது. நாய் கால்ல முள்ளு குத்துனா ஊரைக் கூட்டிடும், குதிரை கம்முனு நிக்கும். லட்சக்கணக்கான வருஷமா வேற மிருகத்துக்கு இரையா இருந்து வந்த இனம் அது, கூட்டத்துல எது நொண்டுதோ அதத்தான் வேட்டையாடுற மிருகம் குறி வைக்கும். அதனால வலிச்சாலும் வெளிய தெரியாம நிக்குறது அதோட ரத்தத்துலயே ஊறிப் போச்சு. நம்ம கண்ணுக்குத் தெரியுற அளவுக்கு ஒரு குதிரை சுணங்கிருச்சுன்னா விஷயம் ஏற்கனவே கொஞ்சம் முத்திப் போச்சுன்னு வச்சுக்கலாம். கிளாஸ்ல பராமரிப்புங்கிற பேர்ல செய்ய வைக்குற அத்தனை வேலையும் அது வாய் திறந்து சொல்லாதத நம்ம கையாலயும் மூக்காலயும் காதாலயும் கண்டுபிடிக்குற வேலைதான்.

குளம்ப எடுத்துக்கோங்க. குதிரை நிக்குறது ஒவ்வொரு கால்லயும் ஒரே ஒரு விரல் நுனியில, நம்ம நடுவிரல் மாதிரி. குளம்பு அந்த விரலோட நகம், அவ்ளோதான். முன்னங்கால்ல முட்டின்னு நாம நினைக்குறது உண்மையில மணிக்கட்டு. நாலு நகத்து மேல 500 கிலோ நிக்குது, ஓடும்போது ஒரு கணத்துக்கு அத்தனை பாரமும் ஒத்தக் கால் மேல வந்து இறங்கும்.

குளம்ப தூக்கித் திருப்பிப் பாத்தா நடுவுல வி ஷேப்புல ரப்பர் மாதிரி ஒரு பாகம் இருக்கும், அதுக்கு ஃப்ராக்னு பேர் (தவளைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல). முன்னங்கால் மணிக்கட்டுக்குக் கீழ கிட்டத்தட்ட தசையே கெடையாது, எலும்பு, தசைநாண், தோல் இவ்ளோதான், அப்ப கீழ போன ரத்தத்த மேல தள்ளுறது யாரு? ஒவ்வொரு அடி வைக்கும்போதும் குளம்போட பின்பக்கம் லேசா விரியும், உள்ள இருக்குற மெத்தை மாதிரியான திசு அமுங்கும், அந்த அழுத்தத்துல ரத்தம் மேல ஏறும். நடக்குறதுதான் பம்ப்பு. ராத்திரி பூரா லாயத்துல கட்டிப் போட்ட குதிரைக்கு காலைல கால் வீங்கியிருந்து, கொஞ்சம் நடத்துனா வடிஞ்சு போறது இதனாலதான்.

குளம்பு நோண்டுற கொக்கிய எப்பவும் குதிகால்லேர்ந்து முன்பக்கமாத்தான் இழுக்கணும், மாத்தி இழுத்தா கூர்முனை அந்த மெத்துமெத்துன்னு இருக்குற இடத்துல குத்திடும். பக்கத்துல இருக்குற பள்ளத்துல கருப்பா பிசுபிசுன்னு இருந்து அழுகுன நாத்தம் வந்துச்சுன்னா, காத்துப் படாத இடத்துல வளர்ற கிருமி உள்ள பூந்துருச்சுன்னு அர்த்தம், ஈரத்துலயும் லத்திலயும் நின்ன குளம்புக்கு வர்ற வியாதி அது. அப்புறம் உள்ளங்கைய வச்சு நாலு குளம்போட சூட்டையும் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பாக்கணும். குளம்பு மாசத்துக்கு சுமாரா 1 சென்டிமீட்டர் வளரும், அதனால 6லேர்ந்து 8 வாரத்துக்கு ஒரு தடவை லாடம் அடிக்கறவர் வந்து சீவி விடணும்.

ஒரு நாள் அவசரத்துல பின்னங்கால் ஒண்ண மட்டும் நோண்டாம விட்டுட்டேன். ஏறி அஞ்சு நிமிஷம்கூட ஆகல, தூரத்துல நின்ன டீச்சர் இறங்குன்னு கத்துறாங்க. எனக்கு ஒண்ணுமே தெரியல, குதிரை நல்லாத்தான் நடந்துச்சு. அவங்களுக்கு மட்டும் அந்த ஒரு கால் ஒரு சாண் கம்மியா எட்டு வைக்குறது தெரிஞ்சிருக்கு. தூக்கிப் பாத்தா பள்ளத்துல நெல்லிக்காய் சைஸுக்கு ஒரு கல்லு.

வயிறு இன்னும் வினோதம். அவ்ளோ பெரிய உடம்புக்கு இரைப்பை 8லேர்ந்து 15 லிட்டர்தான். நமக்கு சாப்பாடு வரும்போதுதான் அமிலம் நிறைய சுரக்கும், குதிரைக்கு சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் நாள் பூரா சுரந்துகிட்டே இருக்கும். அந்த அமிலத்த சமன் பண்ற எச்சில் மட்டும் மெல்லும்போதுதான் ஊறும். காட்டுல விட்டா ஒரு நாள்ல பாதிக்கு மேல மேஞ்சுகிட்டே இருக்குற ஜீவன், அதுக்கு இந்த ஏற்பாடு சரியா இருந்துச்சு. நாம ரெண்டு வேளை தீவனத்தக் கொட்டிட்டு மிச்ச நேரம் சும்மா கட்டிப் போட்டா அந்த அமிலம் இரைப்பைப் புண்ணுலதான் கொண்டு விடும். எங்க கிளாஸ்ல சேணம் மாட்டுறதுக்கு முன்னாடி கொஞ்சம் காய்ஞ்ச புல்லு போடச் சொல்லுவாங்க. வேலைக்கு முன்னாடி எதுக்கு சாப்பாடுன்னு எனக்கு சந்தேகம். இரைப்பையோட மேல்பாகத்துக்கு அமிலத்தத் தாங்குற பாதுகாப்பு கெடையாது, ஓடும்போது வயிறு இறுகி அமிலம் மேல தெறிக்கும், புல்லு ஒரு பாய் மாதிரி மெதந்து அதத் தடுக்கும். தானியத்த அப்படிப் போட்றக் கூடாது.

தானியம்னு வந்தா பொறுப்பு இன்னும் ஜாஸ்தி. நார்ச்சத்த செரிக்குறது குதிரையோட இரைப்பை இல்ல, பின்னாடி இருக்குற பெருங்குடல் பகுதில வாழ்ற கோடிக்கணக்கான நுண்ணுயிர்தான். தெரியாத்தனமா தீவன ரூம் கதவத் திறந்து போட்டு, குதிரை ஒரு மூட்டை தானியத்தத் தின்னுடுச்சுன்னா, செரிக்காத மாவுச்சத்து அங்க போய் புளிச்சு அமிலமாகி நல்ல நுண்ணுயிரெல்லாம் செத்து, நச்சு ரத்தத்துல கலந்து, கடைசில குளம்புக்குள்ள எலும்பையும் நகத்தையும் பிடிச்சு வச்சிருக்குற இழைகள் வீங்கி விட்டுப் போயிடும். வயித்துல பண்ண தப்பு கால்ல வந்து விடியும், சில குதிரை அதுக்கப்புறம் நடக்கவே நடக்காது. வாந்தி எடுத்துத் தப்பிக்கலாம்னா அதுவும் முடியாது, இரைப்பை வாசல்ல இருக்குற தசை ஒரு வழிப் பாதை மாதிரி, போனது திரும்பாது. கதவுத் தாழ்ப்பாள ரெண்டு தடவை இழுத்துப் பாக்கச் சொல்றது இதுக்குத்தான்.

கொள்ளுன்னா வாயத் திறக்குமாம், கடிவாளம்னா வாய மூடிக்குமாம்னு குதிரைய நக்கலடிக்குறோம்ல, அதுக்கும் ஒரு நியாயம் இருக்கலாம். அதோட மேல்தாடை கீழ்தாடைய விட அகலம், மெல்ல மெல்ல கடவாப் பல்லு ஓரம் கத்தி மாதிரி கூராகிடும், மேல கன்னத்தக் கிழிக்கும், கீழ நாக்க. திடீர்னு கடிவாளத்துக்கு அடம் புடிச்சா டீச்சர் சாட்டைய எடுக்க மாட்டாங்க, பல்லு ராவுறவருக்கு போன் போடுவாங்க.

பிரஷ் போடுறதும் அழகுக்கு இல்ல. ஒரு ஈ உக்காந்தா அந்த இடத்துத் தோல மட்டும் சிலிர்த்து உதறுற மிருகம் அது, சேணத்துக்கும் முதுகுக்கும் நடுவுல நாலு மணல் சிக்குனா எப்படி இருக்கும்? அது மேல ஒரு ஆள் வேற குதிச்சுகிட்டு உக்காந்திருப்பான். தப்பான சேணம் ரொம்ப நாள் அழுத்துனா அந்த இடத்துல நிறமி செல்லு செத்து முடி வெள்ளையா முளைக்கும், பழுப்புக் குதிரை முதுகுல திட்டுத் திட்டா வெள்ளை இருந்தா பழைய ஓனர் எப்படின்னு தெரிஞ்சுக்கலாம். பிடரி முடியுற மேட்டுல நல்லா சொறிஞ்சு விட்டா அதோட இதயத்துடிப்பு குறையும், குதிரைங்க ஒண்ணுக்கொண்ணு பல்லால சொறிஞ்சுக்குற இடமும் அதேதான். மேல் உதடு நீண்டு கோணிக்கிட்டு வரும் பாருங்க, சிரிப்பு வந்துடும்.

ஓட்டி முடிச்சதும் சூடான குதிரை மேல பச்சத் தண்ணி ஊத்தக் கூடாதுன்னு ரொம்ப நாளா ஒரு நம்பிக்கை இருந்துச்சு. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் வெயில்ல குதிரைங்க என்னாகுமோன்னு பயந்து அதுக்கு முன்னாடி நடந்த ஆராய்ச்சில அது தப்புன்னு தெரிஞ்சுது, குளிர்ந்த தண்ணியே நல்லா வேலை செய்யுது. அப்புறம் எங்க வேலை நாடி எண்ணுறது, ஓய்வா இருக்கும்போது நிமிஷத்துக்கு 28லேர்ந்து 44, நாடி அந்த அளவு கிட்ட இறங்குற வரைக்கும் லாயத்துல கட்டக் கூடாது.

இப்ப அந்த நோட்டுக் கதை. மூணாவது மாசம் ஒரு காலைல போறேன், வழக்கமா எட்டு பத்து குவியல் இருக்குற இடத்துல மூணுதான், அதுவும் சின்னதா காய்ஞ்சு கெடக்கு. குதிரை பாக்க சாதாரணமாத்தான் நின்னுச்சு, ஒரு தடவை மட்டும் திரும்பித் தன் வயித்தப் பாத்துச்சு. போய் சொன்னேன். டீச்சர் வந்து வலது பக்க விலாவுக்குப் பின்னாடி காத வச்சாங்க, என்னையும் வைக்கச் சொன்னாங்க. நல்லா இருக்குற குதிரைக்கு அங்க நிமிஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை பாத்ரூம்ல ஃப்ளஷ் பண்ண மாதிரி ஒரு சத்தம் கேக்கும், குடல் வேலை செய்யுற சத்தம். அன்னைக்கு நிசப்தம். குடல் அடைச்சாலே ஆபத்து, முறுக்கிக்கிட்டா குதிரை சில மணி நேரத்துலயே போயிடலாம்னு அப்பதான் சொன்னாங்க. கிளாஸ் கேன்சல், டாக்டர் வந்து மூக்கு வழியா குழாய் விட்டுத் தண்ணியும் மருந்தும் ஏத்துனாரு, நாங்க ஆள் மாத்தி ஆள் கயித்தப் புடிச்சு மெதுவா நடத்திக்கிட்டே இருந்தோம்.

ராத்திரி பதினொண்ணே முக்காலுக்கு குரூப்ல ஒரு போட்டோ வந்துச்சு. லாயத் தரை, நடுவுல பச்சையா ஆவி பறக்க ஒரு குவியல். இருபத்திரெண்டு பேரு ஹார்ட்டு போட்டிருந்தோம்.