உருளைக்கிழங்கு இல்லாமல் கபாப் நிற்குமா?

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து வரும் ஒரு அம்மா போன மாதம் கையில் டிபன் பாக்ஸோடு வந்தார். "புரதம் சேத்துக்கச் சொன்னீங்களே மேடம், வெஜ் கபாப் பண்ணேன், பாருங்க." ஒன்றை எடுத்துப் பிட்டேன். உள்ளே வெள்ளை வெளேரென்று உருளைக்கிழங்கு, அதற்குள் நாலு பட்டாணி, மேலே கார்ன்ஃப்ளார் தோல். விரலெல்லாம் எண்ணெய். ருசி பிரமாதம், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் 100 கிராம் உருளைக்கிழங்கில் புரதம் ஒன்றரை கிராம்தான். அவர் செய்தது கபாப் இல்லை, போண்டாவின் தங்கச்சி.

டயட்டீஷியனாக நான் பார்க்கும் சைவக் குடும்பங்களில் பெரும்பாலும் இதே கதைதான். காலையில் மூன்று இட்லி, மதியம் சாம்பார் சாதம், ராத்திரி தோசை. "பருப்புதான் தினமும் சாப்பிடறோமே" என்பார்கள். கரண்டி சாம்பாரில் பருப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று கேட்டால் சிரிப்பார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 46 கிராம்.

வழி நம் ஊரிலேயே இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி வீடுகளில் ஷாமி கபாப் செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? கொத்துக்கறியோடு கடலைப்பருப்பை வேகவைத்து அரைப்பார்கள். கறியைப் பிடித்து நிறுத்துவதே அந்தப் பருப்புதான். சைவத்தில் கறி இருந்த இடத்துக்கு மீல்மேக்கர், அதாவது சோயா உருண்டை, வந்தால் போதும். உருளைக்கிழங்குக்கு அங்கே வேலையே இல்லை.

என் அளவு இது: கடலைப்பருப்பு 100 கிராம், மீல்மேக்கர் 50 கிராம், வறுத்த வேர்க்கடலைப் பொடி 25 கிராம், பொட்டுக்கடலை மாவு 20 கிராம். வேர்க்கடலைக்கு எங்கும் போக வேண்டாம். போளூர், ஆரணிப் பக்கம் மல்லாட்டை என்று கேட்டாலே அள்ளித் தருவார்கள். பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, திறந்த பாத்திரத்தில் வேகவிடுங்கள். விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும், குழையக் கூடாது. குக்கரில் போட்டு நாலு விசில் விட்டால் கூட்டுதான் கிடைக்கும். வடித்த தண்ணீரை ரசத்துக்கு எடுத்து வையுங்கள்.

தோற்கும் இடம் மீல்மேக்கர். முதல் தடவை நானும் தோற்றேன். வெந்நீரில் போட்டு எடுத்து லேசாகப் பிழிந்துவிட்டு அரைத்தேன். தோசைக்கல்லில் திருப்பியதும் உதிர்ந்து பொரியலாகிவிட்டது. வீட்டில் அதையே சப்பாத்திக்குத் தொட்டுக்கொண்டார்கள். பத்து நிமிஷம் ஊறியதும் பச்சைத் தண்ணீரில் அலசி, துணியில் கட்டி முறுக்கிப் பிழியுங்கள். இன்னொரு தடவையும் பிழியுங்கள். தண்ணீர் நின்றால் எந்த மாவைக் கொட்டினாலும் கபாப் நிற்காது. கேரட் சேர்த்தால் அதையும் துருவிப் பிழிந்துதான்.

இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், சோம்பு, புதினா, உப்போடு எல்லாவற்றையும் தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைத்து, பொடியாக நறுக்கிய வெங்காயமும் பொட்டுக்கடலை மாவும் சேர்த்துப் பிசைந்து பன்னிரண்டாகத் தட்டுங்கள். கல் நன்றாகக் காய்ந்ததும் தீயைக் குறைத்து, இரண்டு ஸ்பூன் எண்ணெயில் சுடுங்கள். அடிப்பக்கம் சிவக்கும்வரை கை வைக்காதீர்கள். அவசரப்பட்டுத் திருப்பினால் எனக்கு ஆன கதைதான். ஒன்றில் சுமார் நாலரை கிராம் புரதம் இருக்கும். மூன்று சாப்பிட்டால் பதின்மூன்று, பதினாலு கிராம்.

நிறத்துக்குக் காஷ்மீரி மிளகாய்த்தூள் போதும். கபாபில் செயற்கை நிறம் சேர்க்கப் பக்கத்து கர்நாடகத்தில் 2024-இல் தடையே போட்டார்கள். வீட்டில் கலர் பொடி எதற்கு?

பனீர் கபாப் தவறா என்று கேட்பார்கள். தவறில்லை, 100 கிராமில் 18 கிராம் புரதம் வரும். கொழுப்பும் கிட்டத்தட்ட அதே அளவு வரும், விலையும் கூட. வாரம் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். பருப்புப் புரதத்தில் குறையும் அமினோ அமிலத்தைத் தானியம் ஈடுகட்டும் என்பதால் சப்பாத்தியோடோ கேழ்வரகுக் களியோடோ சாப்பிடலாம். களியோடு கபாபா என்று சிரிக்காதீர்கள், புதினாத் துவையல் இருந்தால் நன்றாகவே போகிறது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதைப் போட்ட கையோடு சோயா சாப்பிடாதீர்கள், மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கும். காலையில் மாத்திரை என்றால் கபாப் மாலையில் இருக்கட்டும்.

இன்னொன்று, வேலூர் வெயில். கத்திரி நாளில் பிசைந்த மாவை மேடையிலேயே விட்டுவிட்டு டிவி பார்க்கப் போனால் புளித்துவிடும். தட்டிய கையோடு பட்டர் பேப்பர் இடையிட்டு அடுக்கி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். எடுத்ததும் அப்படியே கல்லில் போடலாம். வெளியில் வைத்துக் கரையவிட்டால் நீர் விட்டு மறுபடி உதிரும்.